மீன்கடை ஐஸும் நாலு இலை ஆப்பிள் மரமும்

எட்டு வயதில் நான் ஒரு ஆப்பிள் மரத்தைக் கொன்றேன். மரம் என்றால் நாலே இலைதான். ஆனாலும் அதைக் காட்டியே அத்தையை எங்களோடு நிறுத்திவிடலாம் என்று நம்பியிருந்தேன்.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன சில வருடங்களில், அப்பாவின் அக்கா பிரான்சிலிருந்து பாண்டிக்கு வந்தாள். மாமா அங்கே பட்டாளத்தில் இருந்தவர், அங்கேயே இறந்துபோனார். எனக்குத் தினமும் தலை பின்னிவிட்டு, மடியில் போட்டுக் கதை சொன்னவள் அத்தைதான். அம்மாவுக்கு அதற்கெல்லாம் நேரம் ஏது? "இங்கயே இருந்துடேன்க்கா" என்று அப்பா அடிக்கடி கேட்பார். "பாக்கலாம்டா" என்பாள். அதைக் கேட்டாலே ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொள்வேன்.

அத்தை ஓயாமல் அங்கத்து ஆப்பிளைப் பற்றியே பேசுவாள். அவளைப் பிடித்துவைக்க அப்பா கண்டுபிடித்த வழியும் ஆப்பிள்தான். பெரிய மார்க்கெட்டில் காஷ்மீர் பழம் வந்த அன்று இரண்டு வாங்கி வந்தார். குங்குமச் சிவப்பு. அத்தை ஒரு கடி கடித்துவிட்டு வைத்துவிட்டாள்.

"இது வேற சாதிடா. அங்க வூட்டுக்குப் பின்னால இருந்தது ரெனெத்துன்னு ஒரு ஆப்பிளு. தோலு சொரசொரன்னு, பாக்க லட்சணமே இருக்காது. கடிச்சா மொதல்ல புளிக்கும், அப்புறந்தான் இனிக்கும். இது பாவம், ரயில்லயே கெடந்து மாவாப் போயிருக்கு."

"அத இங்க வளக்க முடியாதா அத்தை?" என்று கேட்டேன்.

"பனி வேணும்டி. குளிர்ல நல்லாத் தூங்கி எழுந்தாத்தான் அந்த மரம் பூக்கும்."

பனிதானே, ப்பூ! பழத்தின் விதைகளை உடைந்த சட்டியில் ஊன்றினேன். ஒன்று முளைத்தது. நாலு இலை விட்டதும், மார்க்கெட் மீன்காரம்மாவிடம் கெஞ்சி ஐஸ் துண்டுகள் வாங்கி ஓடிவந்து, செடியைச் சுற்றிக் குவித்தேன். நன்றாகத் தூங்கட்டும் என்று சாக்கு வேறு போர்த்தினேன். என்ன அறிவு பாருங்கள்! மீன் ஐஸில் உப்பு இருக்கும் என்று யார் கண்டார்கள்? மூன்று நாள் இதே வைத்தியம். நாலாம் நாள் செடி கருகிக் கிடந்தது, முற்றமெல்லாம் மீன் வாடை.

அம்மா விளக்குமாற்றோடு வந்தாள். அத்தை குறுக்கே புகுந்து, சட்டியைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழுதுவிட்டாள்.

"பொழைச்சிருந்தாலும் வெதையில அதே பழம் வராதுடி கண்ணு. அந்த மரத்துக் கெளையையே வெட்டி ஒட்டுக் கட்டணும்."

அடுத்த மாதம் அத்தை பிரான்சுக்கே திரும்பிப் போய்விட்டாள். பல நாள் தலையைப் பின்னிக்கொள்ளாமல் திரிந்தேன். கேவலம் ஒரு பழத்துக்காக என்னை விட்டுப் போனாளே என்று ஆத்திரம். அவளுடைய முதல் கடிதத்தை அப்பா உரக்கப் படித்தார். 'மரம் பூத்திருக்கிறது. உன் ஐஸ் கதையை மாமாவிடம் சொன்னேன்.'

செத்தவரிடம் எப்படிச் சொல்வாளாம்? புளுகு என்று எழுந்துபோனேன். எங்கள் வீட்டில் இறந்தவர்களை எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்துவிடுவோம். அங்கே செத்தவரைப் புதைத்த இடம் என்று ஒன்று இருக்கும், பக்கத்தில் போய் உட்கார்ந்து பேசலாம், அது வீட்டுக்குப் பின்னால், ஆப்பிள் மரத்துக்கு அந்தப் பக்கமே இருக்கலாம் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.