கடைசி வயலின் கேள்வி

மொழிபெயர்க்கப் போன இடத்தில் ஒரு பெண்ணின் வாயை அடைக்கப் பார்த்தேன். ஆம், நான்தான். போன சிறுபோக நெல் விதைப்புத் தொடக்கத்தில் நடந்தது. இன்னும் வெட்கமாக இருக்கிறது.

வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவுப் பக்கம் ஒரு மண்டபம். கொழும்பிலிருந்து ஆராய்ச்சிக் குழு வந்திருந்தது. அவர்களுடைய ஆங்கிலத்தைத் தமிழில் சொல்லவும், விவசாயிகளின் தமிழை ஆங்கிலத்தில் சொல்லவும் ஓய்வுபெற்ற டீச்சரான என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

விஷயம் இதுதான். வயலில் ஓயாமல் தண்ணீர் நின்றால் சேற்றிலிருந்து மீதேன் வாயு கிளம்பும். பூமியைச் சூடாக்கும் வாயு. இடையிடையே வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டினால் அது குறையும், விளைச்சல் குறையாது. பரிசோதனைக்கு வயல் தருபவர்கள் படிவத்தில் கையெழுத்துப் போடலாம்.

நல்ல ஆராய்ச்சிதான். யார் இல்லையென்றது?

யோகேஸ்வரி எழுந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வாய்க்காலின் கடைசியில் இரண்டு ஏக்கரைத் தனியாகச் செய்பவர்.

"எங்கட வயல் காயிறது புதினமில்ல. காஞ்ச வயலுக்குத் திரும்பத் தண்ணி வாறதுதான் புதினம். நீங்க காயவிடச் சொல்லுறீங்க, சரி. மறுகா தண்ணி தாறது ஆரு? பயிர் கருகினா ஆரு பொறுப்பு?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? வந்தவர்கள் மனம் நோகக்கூடாதே என்று, 'தண்ணீர் ஏற்பாடு பற்றி மேலும் அறிய விரும்புகிறார்' என்று ஆங்கிலத்தில் பூசி மெழுகினேன். குழுத் தலைவியான இளம்பெண் சிரித்தபடி, பிறகு பேசலாம் என்று திரையில் அடுத்த படத்துக்குப் போனார்.

யோகேஸ்வரி உட்காரவில்லை.

"டீச்சர், நான் இவ்வளவு கதைச்சன். நீங்க ஒரு வரியில முடிச்சுப்போட்டீங்க. நான் சொன்னத அப்படியே சொல்லுங்க."

முகம் எரிந்தது. இம்முறை ஒரு சொல் விடாமல் சொன்னேன். தலைவி படத்தை நிறுத்தினார். அந்த வயல்வெளிக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையிடம் கேட்டார். அந்த மனிதர் மறைக்கவில்லை. முறை வைத்துத்தான் திறக்கிறோம், ஒரு வயலுக்காகத் திறக்க எனக்கு அதிகாரமில்லை, மேலே இருந்து எழுத்தில் வரவேண்டும் என்றார்.

முதலில் கையெழுத்தைப் போடுங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றார் கூட வந்த அதிகாரி ஒருவர். 'பிறகு'... நம் ஊரில் எத்தனை திட்டங்கள் இந்தச் சொல்லுக்குள் புதைந்து கிடக்கின்றன!

யோகேஸ்வரி படிவத்தை அவர் பக்கமே தள்ளிவிட்டார். "தண்ணி எழுத்தில வரட்டும். மறுகா என்ட கையெழுத்து வரும்."

பக்கத்தில் இருந்தவர்களும் பேனையை மேசையில் வைத்தார்கள். அன்று ஒரு கையெழுத்தும் விழவில்லை.

மூன்று வாரத்தில் குழு திரும்பி வந்தது — கையில் நீர்ப்பாசனக் கந்தோரின் கடிதத்தோடு. பரிசோதனை வயல்காரர் கேட்டால் இரண்டு நாளில் தண்ணீர். யோகேஸ்வரி இரண்டு தடவை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

முதல் தடவை வயலைக் காயவிட்டபின் தண்ணீர் சரியாக வந்தது. இரண்டாம் தடவை வரவில்லை. வயல் வெடிக்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் காலை யோகேஸ்வரி பஸ் ஏறி அந்தக் கந்தோருக்குப் போய், பொறுப்பான அதிகாரிக்கு முன்னால் இருந்த கதிரையில் உட்கார்ந்துவிட்டார். சண்டை போட்டீர்களா என்று பிறகு போனில் கேட்டேன்.

"இல்ல டீச்சர். கடிதத்த வாசிச்சுக் காட்டினன். முடிஞ்சதும் திரும்பவும் வாசிச்சன்."

மத்தியானம் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. அறுவடையில் பக்கத்து வயலைவிட அவருடைய விளைச்சல் குறையவில்லை. வாயு எவ்வளவு குறைந்தது என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்கட்டும்.

கொள்கை எழுதுபவர்கள் எப்போதும் விவசாயி மாறவேண்டும் என்றுதான் தொடங்குகிறார்கள். மாறுவதற்கு அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்குள் அறிக்கை அச்சாகிவிடுகிறது.

பூமியின் சூட்டைக் குறைக்கக் கடைசி வயல்காரி தயார்... தண்ணீரைத் திறந்துவிடும் முதல் மடையில் இருப்பவர்கள் தயாரா?