இரண்டு பேருக்கு ஒரே நோட்டீஸ்

போன மாசி மாதம் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு, பீங்கான் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த சூளை மேஸ்திரியின் மனைவி என் வீட்டுக்கு வந்தார். மேஸ்திரி இறந்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. அந்த அம்மாள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மஞ்சள் பையிலிருந்து இரண்டு நோட்டீஸ்களை எடுத்து மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டையும் படிங்கண்ணே."

ஒன்று மேஸ்திரியின் கருமாதியன்று கொடுத்த கண்ணீர் அஞ்சலி. மற்றது அதற்கு ஆறு மாதம் கழித்து இறந்த ஓர் உரக்கடைக்காரருடையது. இரண்டையும் எழுதியவன் நான்.

படித்தேன். பிறகு எண்ணினேன். முதல் தாளில் அறுபத்திரண்டு சொற்கள், இரண்டாவதில் அறுபத்தைந்து. பெயர், ஊர், தேதி, தொழில் இவற்றை ஒதுக்கிவிட்டால் இரண்டிலும் நாற்பத்தெட்டுச் சொற்கள் ஒன்றேதான், அதே வரிசையில். 'புன்னகை மாறாத முகம்' இரண்டிலும் மூன்றாவது வரியில் இருந்தது.

"இது எப்படி உங்க கைக்கு வந்தது?" என்று கேட்டேன்.

"எங்க நாத்தனாரு அந்தக் கருமாதிக்குப் போயிருந்தாங்க. வாங்கியாந்து எங்கிட்ட காட்டுனாங்க. 'உன் புருசனுக்குப் போட்டதுல பேர மட்டும் மாத்தி அங்க குடுக்குறாங்கடி'ன்னு சொல்லிச் சிரிச்சாங்க. சொந்தக்காரங்க விசேசத்துப் பந்தியில உக்காந்துகிட்டு, நாலு பேருக்கு எதுருல."

நான் இரண்டு தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்தேன்.

"உரக்கடைக்காரரு நல்லவருதாண்ணே. ஆனா அவரு வேற, எங்க வூட்டுக்காரரு வேற இல்லீங்களா? மொதல் வருசத் தெவசம் வருது. அன்னிக்கு ஒரு நோட்டீஸ் குடுக்கணும். அதுல எங்க வூட்டுக்காரரு மட்டும் இருக்கணும். உங்களால ஆவாதுன்னா இப்பவே சொல்லிடுங்க. போட்டோவ மட்டும் போட்டுக்குறேன்."

எழுதித் தருகிறேன் என்றேன். அவர் போன பிறகு காலண்டரைப் பார்த்தேன். இருபத்தாறு நாள் இருந்தது.

நான் தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் தரம் பிரிக்கும் பகுதியில் இருந்தேன். மின்சாரப் பெட்டிகளில் மாட்டும் பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் சூளையிலிருந்து வந்ததும் ஒவ்வொன்றாகப் பார்த்து, கீறல், வளைவு, புள்ளி என்று பிரித்து எண்ணி எழுத வேண்டும். நூறும் ஒன்றுபோல் இருந்தால் நல்ல சரக்கு. ஒன்று மட்டும் மாறியிருந்தால் அதைத் தூக்கி ஓரத்தில் வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். யாராவது ஓய்வு பெற்றால் வாழ்த்து மடல் எழுதிக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுப்பது எங்களிடம் வழக்கம். அதை எழுதும் வேலை என்னிடம் வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு அதே ஆட்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். அஞ்சலி எழுதும் வேலையும் வந்தது; வெளி ஆட்களும் கேட்டு வந்தார்கள். எழுதியது எல்லாவற்றுக்கும் நகல் வைத்திருக்கிறேன்.

மறுநாள் கோப்பை எடுத்துப் பிரித்தேன். நாற்பத்தாறு தாள்கள். இருபத்தொன்பது வாழ்த்து, பதினேழு அஞ்சலி. சிவப்புப் பென்சிலை எடுத்துக்கொண்டு, திரும்ப வரும் தொடர்களின் கீழே கோடு போட்டேன். தனித்தாளில் ஒவ்வொரு தொடருக்கும் ஒரு வரி ஒதுக்கி, நான்கு குச்சி போட்டு ஐந்தாவதைக் குறுக்கே இழுத்தேன். 'ஓயாத உழைப்பாளி' நாற்பத்தொரு தடவை. 'புன்னகை மாறாத முகம்' முப்பத்தெட்டு. 'எளிமையின் சிகரம்' முப்பத்து மூன்று. 'எறும்புக்கும் தீங்கு நினைக்காத உள்ளம்' பத்தொன்பது. அந்தப் பத்தொன்பதில் ஒருவர் கேன்டீனில் சமையல்காரரைத் தட்டால் அடித்துப் பத்து நாள் சஸ்பெண்டு ஆனவர்.

மூன்று நாள் ஆயிற்று இதற்கு. இரண்டாவது நாள் கண் வலித்தது. எனக்கு எதையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லை.

பட்டியலில் இருந்த எந்தத் தொடரும் வராமல் ஒரு புது அஞ்சலி எழுதினேன். பஸ் ஸ்டாண்டு அருகில் எனக்குப் பன்னிரண்டு வருடமாக டைப் அடித்துக் கொடுக்கும் டிடிபி கடைக்கு எடுத்துப் போனேன். கடை நடத்தும் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கையெழுத்துத் தாளைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"என்ன சார், இத முழுசா அடிக்கணுமா?"

"பின்னே எப்போதும் என்ன செய்வாய்?"

"பழைய ஃபைலத் தொறந்து பேரு, ஊரு, தேதி மட்டும் மாத்துவேன். எப்டியும் நீங்க குடுக்குறது அதான. ஒண்ணு ரெண்டு வார்த்த முன்ன பின்ன இருக்கும்."

"ஏம்மா, எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்கதான் உக்காந்து சரி பாத்துக் கையெழுத்துப் போட்டுட்டுப் போனீங்க சார்."

அது உண்மை. பிழை பார்க்கும்போது நான் வரிகளை எண்ணுவேன். பதினான்கு வரி இருக்கும். சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுவேன்.

அவர் புதிய தாளை அடித்து முடித்தார். என் பட்டியலைக் கேட்டு வாங்கி, கம்ப்யூட்டரில் அதிலிருந்து ஒவ்வொரு சொல்லாகத் தேடினார். தேடிய சொல் வந்த இடமெல்லாம் திரையில் மஞ்சளாயிற்று. 'புன்னகை'யை எடுத்த இடத்தில் 'சிரித்த முகம்' என்று போட்டிருந்தேன். 'ஓயாத உழைப்பாளி' போய் 'ஓய்வறியா உழைப்பு' வந்திருந்தது. பட்டியலில் இல்லாத 'மறக்க முடியாத' மூன்று இடத்தில் இருந்தது.

"சட்டைய மாத்திப் போட்டுகிட்டு அதே ஆளுதான் சார் வந்து நிக்குறாரு," என்றார்.

மஞ்சளானவற்றையும் அதுபோன்ற மற்றவற்றையும் எடுக்கச் சொன்னேன். பெயர், பிறந்த தேதி, சூளைப் பிரிவில் வேலை, இறந்த தேதி என்று நான்கு வரி மிஞ்சியது. அதை அச்செடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். முப்பது வருடம் பக்கத்தில் இருந்த மனிதரைப் பற்றி என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

பெண்ணாடம் ரோட்டில் இருக்கும் மேஸ்திரியின் வீட்டுக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த நேரத்தில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போன டிராக்டர்கள் ஒன்பது. அந்த அம்மாளிடம் விஷயத்தைச் சொல்லி, மேஸ்திரி எப்படிப்பட்டவர் என்று கேட்டேன்.

"எங்கிட்ட கேக்குறீங்களாண்ணே?" என்றார். பிறகு சொன்னார். "மொதல்ல அந்தச் சிரிப்ப எடுங்க. முன்பல்லு ரெண்டு ஒடஞ்சி போச்சின்னு அவரு வாயே தொறக்க மாட்டாரு. கல்யாண போட்டோவுலகூட இறுக்கி மூடிகிட்டு இருப்பாரு. நோட்டீஸ்ல அதப் படிச்சிட்டு நாத்தனாரு என்னத்தான் பாத்தாங்க."

நான் எழுதிக்கொண்டேன்.

"டீய கொதிக்கக் கொதிக்கக் குடிப்பாரு. சூளையில நின்னு நின்னு அவருக்குச் சூடே தெரியாது. ஞாயித்துக்கெழமகூடத் தோள்ல ஈரத்துண்டு கெடக்கும். எதுக்குங்கன்னா, இருக்கட்டும்பாரு."

"வேற?"

"வேற என்ன, எதக் கேட்டாலும் 'ஆவட்டும், பாப்போம்.' ஃபிரிட்ஜி வாங்கலாம்னேன், 'ஆவட்டும், பாப்போம்.' பொண்ணு தானா ஒரு பையனப் பாத்து வந்து நின்னா, நான் அழுவுறேன், இவரு 'ஆவட்டும், பாப்போம்.' பொயல்ல கூரை ஷீட்டு பறந்து போச்சி. நடு வூட்டுல நின்னு மேல பாத்துட்டு அதையேதாண்ணே சொன்னாரு."

எனக்கு அது தெரியும். ஒரு சூளைக்கு நூற்றுக்குப் பதினேழு கீறல் என்று கணக்கு எழுதிக்கொண்டு நான் ஓடுவேன். அவர் சீட்டைப் பார்க்காமலே "ஆவட்டும், பாப்போம்" என்பார். எரிச்சலாக வரும். ஒரு தடவை கேட்டே விட்டேன், இதைத் தவிர வேறு பேச்சே உங்களுக்கு வராதா என்று. அதற்கும் அதுதான் பதில். அந்தச் சொல்லை நான் ஒரு நோட்டீஸிலும் எழுதியதில்லை.

பல், டீ, ஈரத்துண்டு, ஃபிரிட்ஜ், மகள், கூரை, பதினேழு கீறல். இவற்றை வைத்து எழுதினேன். ஐந்து தடவை அடித்துத் திருத்தி, ஆறாவது தாளைக் கடைக்குக் கொண்டுபோனேன். அந்தப் பெண் அடித்துவிட்டு, நான் சொல்லாமலே தேடினார். நான்கு இடம் மஞ்சளாயிற்று.

"சார், 'ஆவட்டும், பாப்போம்' நாலு தடவ வருது. மூண எடுத்துடவா?"

"வேண்டாம்."

"நீங்கதான சார் திரும்ப வர்றத எல்லாம் எடுக்கச் சொன்னீங்க?"

"அதெல்லாம் நான் சொன்னது. இது அவர் சொன்னது. இருக்கட்டும்."

அச்செடுத்த தாளை மாலையில் மேஸ்திரி வீட்டுக்குக் கொண்டுபோனேன். தெவசத்துக்கு எட்டு நாள் இருந்தது. அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரியின் மேல் வைத்து மெதுவாகப் படித்தார். பல்லைப் பற்றிய வரியில் விரல் கொஞ்சம் நின்றது. முடித்ததும் நோட்டீஸைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"ஒண்ணு வுட்டுட்டீங்கண்ணே."

"என்ன?"

"ஆஸ்பத்திரிக்கு நீங்க வந்தீங்க இல்ல? 'வூட்டுக்கு எப்ப வரப்போறீங்க மேஸ்திரி'ன்னு கேட்டீங்க. அவரு உங்களப் பாத்து அதையேதான் சொன்னாரு. நான் கட்டிலுக்கு இந்தப் பக்கந்தான நின்னேன்."

சொன்னார்தான். எனக்கு மறக்கவில்லை. அதை எழுதினால் நானும் நோட்டீஸில் வருவேன் என்று விட்டிருந்தேன். நாற்பத்தாறு தாள்களில் ஒன்றிலும் நான் வந்ததில்லை.

"அதையும் போடுங்க," என்றார். "அதுக்கப்புறம் அவரு யாருகிட்டயும் பேசல."

மறுநாள் காலை கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். இரண்டு வரி சேர்ந்ததில் எழுத்துத் தாளின் ஓரத்தைத் தாண்டியது. அந்தப் பெண் எழுத்தின் அளவைப் பதினான்கிலிருந்து பதின்மூன்றாகக் குறைத்தார். மொத்தம் இருபத்தொரு வரி வந்தது. எண்ணிய பிறகு ஒரு தடவை படித்தும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.