கைடில் இல்லாத கோபம்

அந்த இங்கிலீஷ் பேப்பரில் நான் பாஸான கதையைப் பெருமையாக யாரிடமும் சொன்னதில்லை. நினைத்தால் இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, பூண்டுக் காட்டில் களை பறித்துக்கொண்டே தபால் வழியில் பி.ஏ. படித்தவள் நான். எல்லாம் முடிந்து ஒரே ஒரு பேப்பர் அரியர். அதையும் முடித்தால் ஊர்ப் பள்ளிக்கூட ஆபீசில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். குறுக்கே நின்றது ஒரு கவிதை. மனுஷன் இயற்கையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் எழுதியது.

கொடைக்கானலில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. சொல்லித்தர வந்தவர் என்னைவிட இளையவர், கீழேயிருந்து மலையேறி வருகிறவர். குளிருக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு, "கவிஞர் ஏங்குறார். நாமெல்லாம் இயற்கையை மறந்துட்டோம்" என்று கைடைப் பார்த்து வாசித்தார். நான் அன்று வெள்ளனே எழுந்து, தகரத்தைத் தட்டிக் காட்டுமாட்டை விரட்டிவிட்டு பஸ் ஏறியவள். அது பூண்டைத் தின்றுகூடத் தொலைக்காது. மிதித்து உழப்பிவிட்டுப் போகும். இயற்கையை ஒரே ஒரு நாள் மறக்க முடிந்தால் கோயிலுக்குப் பொங்கல் வைப்பேன்.

ஆனால் கவிதையை நானாகப் படித்தபோது வேறு மாதிரி இருந்தது. அந்த மனுஷர் ஏங்கவே இல்லை. தன் ஊர்க்காரர்களைச் சட்டையைப் பிடித்து உலுக்குகிறார்.

"சார், இவரு ஏங்கலங்க சார், சண்டை போடுறாரு" என்றேன்.

"மேடம், கைடுல இருக்கறத எழுதுங்க. எதுக்கு ரிஸ்க்?" என்றார்.

பரீட்சையில் என் மனசுக்குப் பட்டதையே எழுதினேன். இவர் கோபக்காரர், கோபம் நியாயம்தான், ஆனால் இவர் திட்டுகிற கூட்டத்தில் காட்டோரம் வெள்ளாமை பார்க்கிறவளைச் சேர்க்க முடியாது, எனக்கு இயற்கை வரப்பிலேயே நிற்கிறது என்று இரண்டு பக்கம். ஃபெயில். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தேன். அந்த இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் பூஜ்யம். படித்துவிட்டுப் போட்டாரா, படிக்காமலே போட்டாரா, பேப்பர் திருத்திய அந்த மகராசன்?

அடுத்த தடவை பரீட்சையன்று என் வீட்டுக்காரர் லோடு ஏற்றிச் சந்தைக்குப் போகவேண்டியிருந்தது. காவலுக்கு ஆளில்லை. "காடு கெடக்கட்டும். எழுதிட்டு வெரசா வந்துரு" என்று சொல்லிவிட்டுப் போனார். பேப்பரில் மறுபடி அதே கவிதை. நான் கைடை அப்படியே இறக்கினேன். கவிஞர் ஏங்குகிறார். நாம் இயற்கையை மறந்துவிட்டோம். எழுத எழுதக் கை கூசியது. பிற்பாடு அதற்குத்தான் பாஸ் போட்டார்கள்.

திரும்பி வந்தபோது, பிடுங்குகிற பருவத்தில் இருந்த நாலு பாத்திப் பூண்டு சேறாகக் கிடந்தது. காட்டுமாடு இன்னும் வரப்பில் நின்றது. தகரத்தை எடுத்தேன். தட்டத் தட்ட, வாயில் வந்தது அந்தக் கவிதைதான். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் தொண்டை கிழியக் கத்தினேன். அதை அப்படித்தான் படிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மாடு மெல்ல வரப்பைத் தாண்டி வனத்துக்குள் இறங்கியது.

சந்தையிலிருந்து வந்து பின்னால் நின்ற வீட்டுக்காரர், "யாரப் புள்ள இங்கிலீசுல வையுற?" என்றார்.

"வையலங்க. காலையில பொய்யா எழுதிட்டு வந்தத இப்ப நெசமா எழுதுறேன்."