பியூலா அளந்த காற்று

ஊரிகத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் பியூலா, ஹெல்மெட்டைக் கழற்றும்போதே யாரையாவது கேலி செய்துகொண்டுதான் உள்ளே நுழைவாள். பேத்தமங்களா சாலையில் இருந்த அந்தச் சின்ன ஆக்சிஜன் ஆலையில் கருவிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சிலிண்டரில் அடைக்கும் ஆக்சிஜன் எத்தனை சுத்தம் என்று சொல்லும் அனலைசருக்கு அவள்தான் தாய் தகப்பன்.

அன்று காலை ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து பவ்யா என்ற அதிகாரி அளவு பார்க்க வருவதாக இருந்தது. தொண்ணூற்று மூன்று சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால் வருடம் முழுக்க சப்ளை செய்யும் ஆர்டர் கிடைக்கும். இல்லையென்றால் ஒரு ஷிப்டை நிறுத்திவிடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஆபரேட்டர் டைட்டஸ் அந்த ஷிப்டுக்காரன்.

வெளிக்காற்றில் ஆக்சிஜன் எப்போதும் 20.9 தான். அனலைசரை அந்தக் காற்றில் வைத்து, அதே எண்ணைக் காட்டும்படி திருத்துவது வழக்கம். வெயிலுக்குப் பயந்து பியூலா ஆலையின் பின்பக்க நிழலில் உட்கார்ந்து திருத்தினாள். பிறகு கொண்டுவந்து ஆக்சிஜன் வரும் குழாயில் மாட்டினாள். எண் ஏறிக்கொண்டே போய் 97இல் நின்றது.

மேனேஜர் பிரேம் உடனே பேக்கரிக்கு ஆள் அனுப்பினார். டைட்டஸ் மெஷினுக்கு முத்தம் கொடுத்தான். பியூலா மட்டும் சிரிக்கவில்லை. காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து வெளியே துப்புகிற மெஷின் அது. ஆர்கான் என்று கொஞ்சூண்டு இருப்பதை அதனால் பிரிக்கவே முடியாது; அதனால் எத்தனை முக்கினாலும் தொண்ணூற்றாறைத் தாண்டாது. பிறகு எங்கிருந்து வரும் தொண்ணூற்றேழு?

பின்பக்கம் ‘புஸ்’ என்று சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்ததால், நைட்ரஜன் வெளியேறும் குழாயைப் போன வாரம்தான் அந்தப் பக்கம் திருப்பியிருந்தார்கள். அவள் உட்கார்ந்திருந்தது அதற்கு நேர் கீழே. ஆக்சிஜன் குறைந்த காற்றைக் காட்டி, இதுதான் 20.9 என்று கருவியை நம்பவைத்திருக்கிறாள்; அதுவும் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டுகிறது.

பிரேமிடம் போய்ச் சொன்னாள். வருகிற அம்மா பார்த்துவிட்டுப் போகட்டும், அப்புறம் திருத்தலாம் என்று அவர் கெஞ்சினார்.

“அந்த சிலிண்டர மாட்டிக்கினு படுத்துனு கீறவங்களுக்கு இன்னா சார் சொல்றது? தப்பு பண்ணது நானு. நானே சரி பண்றேன், வுடுங்க.”

“அக்கா, என் வேல உங்க கையில கீது” என்றான் டைட்டஸ்.

“என் கையில இல்லடா, காத்துல கீது.”

கருவியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கேட்டுக்கு நடந்தாள். அங்கே காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த பவ்யாவிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். சொன்னதோடு விடாமல், கருவி காற்றை இழுக்கும் சின்னக் குழாயை அவரையே சாலைப்பக்கம் நீட்டிப் பிடிக்கவைத்து, அந்தக் காற்றில் 20.9க்குத் திருத்தினாள்.

திரும்பி வந்து மாட்டியபோது எண் 91இல் தயங்கியது. டைட்டஸ் கண்ணை மூடிக்கொண்டான். 92. 93. மெதுவாக நகர்ந்து 94.1இல் நின்றது. பவ்யா அதைக் குறித்துக்கொண்டு, தொண்ணூற்றேழு என்று காட்டியிருந்தால் திரும்பிப் போயிருப்பேன் என்றார். பிரேம் பப்ஸ் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் பியூலா கேட்டுக்குத்தான் போனாள். கொழந்தைக்குக் காத்து காட்டப் போறியா அக்கா என்று டைட்டஸ் தவறாமல் கேட்பான். ‘கேட்டுக்குப் போ. பின்பக்கம் உட்காராதே’ என்று தனக்கே எழுதி, கருவியின் மேல் ஒட்டியிருந்தாள். போன மாதம் அதற்குப் புது பெயிண்ட் அடித்தபோது, டைட்டஸ் அந்தச் சீட்டைச் சுற்றியே அடித்தான்.