செத்த வீட்டில் சிரித்தவள்

என் கணவர் காய்ச்சலில் கண்ணை மூடிய அன்று, தங்கச்சி பெரியகல்லாற்றிலிருந்து தோணியில் வாவியைக் கடந்து படுவான்கரையில் எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவளுக்கும் அவருக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அவள் விரும்பியவனைக் கட்டக்கூடாது என்று அவர் தடுத்தார். அவள் கேளாமல் கட்டிக்கொண்டாள். ஆனாலும் செய்தி கேட்டதும் ஓடி வந்தாள்.

என்னைக் கட்டிப்பிடித்தாள். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுபட்டு, இளக்காரமாகச் சிரிப்பதுபோல் இருந்தது. யாரோ கொடுத்த கோப்பித்தண்ணியையும் கடைவாயால் ஒழுகவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் பொறுமைக்காரி இல்லை. அன்றைக்கு அறவே இல்லை.

"அவர் செத்தது உனக்குச் சிரிப்பாக் கிடக்கா? எழும்பிப் போடி!" என்று ஊரே கேட்கக் கத்தினேன்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல் குழறியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோணிக்கு நடந்தாள்.

எட்டாம் நாள் சடங்குக்கு அவள் புருஷன் மட்டும் வந்தான்.

"அவளுக்கு வாய் கோணிப்போச்சு அக்கா. காதுக்குப் பின்னால குத்துது எண்டு ரெண்டு நாளாச் சொன்னவள். நீங்க ஏசினாப் பிறகு, தோணியால குனிஞ்சு தண்ணியில முகத்தைப் பாத்துத்தான் அவளுக்கே விளங்கினது."

வாடைக்காற்று என்றார்களாம் சிலர். அம்மன் அறைந்தாள் என்றார்களாம் சிலர். ஆஸ்பத்திரி டாக்குத்தர் நெற்றியைச் சுருக்கச் சொல்லிப் பார்த்தாராம். ஒரு பாதி சுருங்கவேயில்லை. கை கால் நன்றாக இருக்கிறது, இது பாரிசவாதம் இல்லை, முகத்து நரம்புதான் சோர்ந்திருக்கிறது, மெல்ல மெல்லத் திரும்பக்கூடும், மூடாத கண்ணைத்தான் காயவிடாமல் பார்க்கவேண்டும் என்றாராம்.

புருஷனைப் பறிகொடுத்தவள் முப்பத்தோராம் நாள் கழியுமுன் வாசல் தாண்டக்கூடாது. பேசுகிறவர்கள் பேசட்டும் என்று நான் அவனோடே தோணியில் ஏறிவிட்டேன்.

போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். தங்கச்சி பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். ஒரு கண் மூடியிருந்தது. மற்றது பாதி திறந்து வெள்ளை தெரிந்தது. செத்த அன்று அவருடைய கண்களை மூடிய இதே விரலால் அந்த இமையை இறக்கினேன். அது நிற்கவில்லை, மறுபடி திறந்துகொண்டது.

அவள் விழித்து என்னைப் பார்த்தாள்.

"நான் சிரிக்கல்லக்கா," என்றாள். அழுதுகொண்டு சொல்லும்போதே வாய் ஒரு பக்கம் இழுபட்டது. செத்த வீட்டில் நான் பார்த்த அதே சிரிப்பு. அன்றைக்கும் அவள் அழுதுகொண்டுதான் இருந்திருக்கிறாள்.