செம்மண் போட்ட தண்டவாளம்

சித்தப்பாவின் ரயில் எந்த நிலையத்திலிருந்து கிளம்புமோ அதே நிலையத்துக்குத்தான் வந்து சேரும். எட்டடிக்கு நாலடிப் பலகையில் இரண்டாவது ஊருக்கு இடமில்லை. சங்கரன்கோவிலில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருந்த அவரிடம், வாசுதேவநல்லூர்க்காரர் ஒருவர் ஓடாத பொம்மை எஞ்சினைத் தண்டவாளத்தோடு கொடுத்து, "சரியானா நீங்களே வச்சுக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். எஞ்சின் சரியாகிவிட்டது, சித்தப்பாதான் சரியில்லாமல் போய்விட்டார் என்பது சித்தியின் கட்சி.

பலகை மாடி அறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. "ஒரு மனுசன் உக்கார எடமிருக்கா? கிறுக்குப் புடிச்ச ரயிலு" என்று சித்தி மாடிப்படியைப் பெருக்கும்போதெல்லாம் மேலே கேட்கும்படி சொல்வாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அந்த ரயிலுக்கு வீட்டில் நான் ஒருத்திதான் துணை, சித்திதான் எதிரி என்று முடிவுகட்டி வைத்திருந்தேன்.

அண்ணன் பத்தாம் வகுப்புக்குப் போனதும் அப்பா தீர்ப்புச் சொன்னார். அவன் படிக்க மாடி அறை வேண்டும். அறைக்குள்ளேயே வைத்துச் செய்த பலகை வாசல் வழியே முழுசாக வெளியே வராது; ஆகவே ஞாயிற்றுக்கிழமை ஆசாரி வந்து இரண்டாக அறுப்பார். அப்பா தாலுகா ஆபீஸ்காரர், அவர் தீர்ப்புக்கு வீட்டில் அப்பீல் கிடையாது. சித்தப்பாவும் "சரிண்ணே" என்று சொல்லிவிட்டு, என்னை மட்டும் மாடிக்குக் கூப்பிட்டார்.

"பாதி லயனுக்கு இன்னும் ஜல்லி போடலட்டி. முழுசும் போட்டு ஒரு தடவ ஓட்டிப் பாத்துரணும். அதுக்கப்புறம் அறுத்தா அறுக்கட்டும்" என்றார். அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது.

ஜல்லி என்றால் கிரஷரில் கல் உடைக்கும்போது விழும் பொடி. அதை ரவை சலிக்கும் சல்லடையில் ஒரு தரமும் டீ வடிகட்டியில் ஒரு தரமும் சலித்தால், கடுகுக்கும் சின்னதான கற்கள் மிஞ்சும். அவற்றைக் கரண்டியால் தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவே கொட்டி, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒதுக்குவது என் வேலை. ஒரு கல்கூடக் கட்டைமேல் ஏறி உட்காரக் கூடாது. நிஜ ரயில்பாதையில் உட்காராதாம். அதைக் காட்டுவதற்காகவே என்னைச் சைக்கிளில் வைத்து ரயில்வே கேட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார்.

அப்புறம் ஒட்ட வேண்டும். முதலில் ஒரு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரைத் தெளிக்க வேண்டும். அதை மறந்து ஒருநாள் நான் நேராகப் பசையைச் சொட்டினேன். அது முத்து முத்தாக நின்று கற்களையும் தூக்கிக்கொண்டு மிதந்தது. "நனைஞ்ச கல்லுதான் பசையக் குடிக்கும்" என்று சொல்லிச் சித்தப்பா துடைத்துவிட்டார். மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையில் இரண்டு பங்கு தண்ணீர் விட்டு, இங்க் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விடுவோம். மறுநாள் காய்ந்ததும் கல்லும் பலகையும் ஒன்றாகியிருக்கும். சுரண்டினால் நம் நகம்தான் போகும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜல்லி தீர்ந்துபோனது. பலகையின் நட்டநடுவில், நிலையத்துக்கு முன்னால் இரண்டு சாண் பாக்கி. "இனி கல்லுக்கு எங்க போக? நாளைக்குக் கொஞ்சம் செம்மண்ணு கெடைச்சாக்கூடப் போதும்" என்றார் சித்தப்பா. படியில் விளக்குமாற்றுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

எங்கள் தெரு முழுக்கச் சிமெண்ட். கொல்லையில் சித்தியின் பூந்தொட்டிகள் உண்டு, ஆனால் அவற்றில் கைவைக்க அப்பாவுக்கே தைரியம் கிடையாது. சனிக்கிழமை காலை சித்தியிடமே போய் மண் கேட்டேன்.

"மண்ணுக்கு நான் எங்கட்டி போவேன்? பூசை அலமாரியில, கீழ்த்தட்டுல, கோயில் புத்துமண்ணு ஒரு பொட்டலம் இருக்கு. அதத் தொட்டியோ, கைய ஒடிச்சுப்புடுவேன்" என்று சொல்லிவிட்டு, துணி காயப்போடக் கொல்லைக்குப் போய்விட்டாள்.

எங்கள் ஊர்க் கோயில் புற்றுமண் நெற்றியில் இடுவதற்கு. உடம்புக்கு முடியாவிட்டால் துளி நாக்கிலும் வைத்துக்கொள்வார்கள். அதில் கால் பட்டால் பாவம். ஆனால் அது செம்மண்ணாகவும் இருந்தது, கைக்கெட்டும் தட்டிலும் இருந்தது. பொட்டலத்தைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

"ஏதுட்டி மண்ணு?" என்று சித்தப்பா கேட்டார்.

"சித்தி தந்தாக" என்றேன். அவர் கொஞ்சம் ஆச்சரியப்பட்டார், அவ்வளவுதான். மண்ணில் கிடந்த சின்ன வேர் ஒன்றைக் கிள்ளி எறிந்துவிட்டுப் பசையைச் சொட்டினார்.

ஞாயிறு காலை ரயில் முதல் தடவையாக முழுப் பாதையிலும் ஓடியது. மூன்று சுற்று வந்தது. நாலாவது சுற்றில் ஆசாரி ரம்பத்தோடு படியேறினார், பின்னால் அப்பா, அப்பாவுக்குப் பின்னால் சித்தி.

"பூசை அலமாரியில பொட்டலத்தக் காணுமே" என்று சொல்லிக்கொண்டே வந்த சித்தி, பலகையைப் பார்த்ததும் நெஞ்சில் கைவைத்தாள். "ஐயோ, சாமி மண்ணுல்லா இது!"

ஆசாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "இதுல நான் ரம்பம் வைக்க மாட்டேன் அண்ணாச்சி" என்று சுவரோரம் ஒதுங்கினார். சுரண்டி எடுத்துவிட்டு அறுக்கலாம் என்று அப்பாவே கத்தியோடு குனிந்தார். பசை விடவில்லை. இரண்டே துணுக்கு தெறித்துத் தரையில் விழ, அப்பா துள்ளி விலகி, அதைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றி நெற்றியில் இட்டுக்கொண்டார். பிறகு கத்தியை ஆசாரியிடம் கொடுத்துவிட்டார்.

கடைசியில், "யாரு எடுத்தா?" என்றார். நான்தான் என்றேன். அடி விழும் என்று கண்ணை மூடினேன். "அறியாப் புள்ள, விடுங்க அத்தான்" என்று சித்தி அப்பாவிடம் சொல்லி, என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அண்ணனின் மேசை கீழே கூடத்துக்குப் போனது. அவன் அங்கேயே படித்துத் தேறினான்.

சாமி மண்ணைத் திருடியதற்காக அந்த ஆடித்தபசுத் திருவிழாவுக்கு நான் கோயில் பிராகாரத்தை இருபத்தொரு ஆடிச்சுற்று சுற்றினேன். சின்னப்பிள்ளைக்கு எவ்வளவு பக்தி என்று வீட்டில் மெச்சிக்கொண்டார்கள்.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோதுதான் அந்த ஆடிச்சுற்றின் காரணத்தைச் சித்தியிடம் சொன்னேன். அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"அட கோட்டிக்காரி! அது செம்பருத்தித் தொட்டி மண்ணுட்டி. சாமி மண்ண ரயிலுக்குப் போட விடுவனா? அது என் பொட்டிக்குள்ள பத்திரமால்லா இருந்துச்சு."

"பின்ன ஏன் தொடாதன்னீங்க?"

"தொடுன்னு சொன்னா நீ மறைச்சா கொண்டுபோவ? ஊரக் கூட்டிச் சொல்லிட்டுல்லா போவ."

மாடியில் ரயில் ஓடும் சத்தம் கேட்டது. சித்தி குரலைத் தாழ்த்தினாள். "அவுககிட்ட சொல்லிராத. சாமிதான் காப்பாத்துச்சுன்னு இன்னமும் நெனச்சுக்கிட்டிருக்காக."

எனக்குச் சித்தியைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது, கட்டிக்கொண்டேன். என் வாழ்க்கையின் முதல் பெரிய பொய் என்று இத்தனை வருடம் நான் சுமந்தது, அன்று சித்தப்பாவிடம் சொன்ன "சித்தி தந்தாக" என்ற இரண்டு சொற்களைத்தான். அன்றைக்கு நான் சொன்னது முழு உண்மை என்பது ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை.