நீக்கப்பட்ட இரு சுண்டெலிகள்

செவ்வாய்க்கிழமை காலை, பேருந்து நோணாங்குப்பம் பாலத்தைக் கடக்கையில் டாக்டர் லூர்துமேரி அவர்களின் தம்பி அழைத்தார். "அக்கா டயாலிசிஸ்லயே போயிட்டாங்க சார். ஆபீசுல உங்களுக்கு மட்டும் சொல்லச் சொன்னாங்க."

லூர்துமேரியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பதினொரு வயது முதல் இன்சுலின் ஊசியால் வாழ்ந்தவர். எங்கள் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த முதல் நாள், சாப்பாட்டு மேசையிலேயே ஊசி போட்டுக்கொண்டு, திகைத்த எங்களிடம், "பாக்கறத வுட்டுட்டு சாப்புடுங்க சார், ஆறுது" என்றார்.

அவர் பணி இது: மூளைச்சாவடைந்தோர் தானமளித்த கணையத்திலிருந்து இன்சுலின் சுரக்கும் செல் திட்டுகளைப் பிரித்து, ஒளிரும் மரபணுவை ஏற்றி, நீரிழிவுள்ள சுண்டெலிகளின் சிறுநீரக உறைக்கு அடியில் பதிப்பது. எலியை மயக்கி இருட்டுப் பெட்டியில் படமெடுத்தால், உயிருள்ள திட்டுகள் ஒளிப்புள்ளியாகத் தெரியும். முன்பு இதை அறிய எலியைக் கொன்று அறுத்தோம். இப்போது அதே எலியை வாரந்தோறும் பார்க்கலாம்.

எங்கள் இயக்குநரின் புதிய முறையில் பதித்த திட்டுகள் எல்லா எலிகளிலும் நிலைக்கும் என்று கட்டுரை எழுதவிருந்தோம். ஆறாம் வாரம், பத்து எலிகளில் ஐந்தாவதும் எட்டாவதும் ஒளி மங்கின.

"முடி வளந்து மறைக்குதும்மா. அந்த ரெண்டையும் எடுத்துடுங்க" என்றார் இயக்குநர்.

லூர்துமேரி எங்கள் கண்ணெதிரே இரண்டுக்கும் முடி மழித்து மீண்டும் படமெடுத்தார். இருட்டு.

"முடி போச்சு சார். வெளிச்சத்தக் காணோமே."

"ரெண்டு எலிக்கும் சர்க்கரை சரியாத்தான இருக்கு?"

"அது ஏர்றதுக்கு முன்னாடியே தெரியணும்னுதான சார் இந்தக் கேமராவ வாங்கனோம்?"

யாரோ சிரித்தார். இயக்குநர் சிரிக்கவில்லை.

எட்டு எலிகளோடு கட்டுரை ஆய்விதழுக்குச் சென்றது. லூர்துமேரி மட்டும் கையெழுத்திடவில்லை. நான் இட்டேன். மறுநாள் என் அறைக்கு வந்தார். "நாளைக்கு என் வயித்துல வெக்கப்போறதத்தான் சார் எலியில வெச்சிப் பாக்கறேன். எனக்கு நானே பொய் சொல்லிக்கணுமா?" நான் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பத்தே நாளில் இரு எலிகளுக்கும் சர்க்கரை ஏறியது. அளவுகளை இணைத்து இயக்குநருக்கு எழுதினார். மறுமொழியாக, வேதிப்பொருள் கிடங்குக்கு இடமாற்ற ஆணை வந்தது. மூன்றாண்டுகள் அங்கே புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டினார். சிறுநீரகங்கள் அங்கேதான் பழுதாயின. ஒளி மங்கிய காரணத்தை அதன்பின் எவரும் தேடவில்லை.

மரணச் செய்தி எப்படியோ பரவி, இயக்குநர் மலர்வளையத்துடன் மாதா கோயிலுக்கு வந்தார். "நிறுவன இதழுக்கு அஞ்சலி ஒண்ணு எழுதிக் குடுங்க. அந்தப் பேப்பர்ல மேடத்தோட பங்கையும் சேத்துடுங்க, அவங்களுக்குப் பெருமை" என்றார். அக்கட்டுரையில் அவர் பெயரே இல்லை.

தம்பி என்னிடம் ஓர் உறையைக் கொடுத்தார். "சாருக்கு இப்பவாச்சும் குடுன்னாங்க." உள்ளே, தேதியிட்ட இரண்டு கருத்த படங்கள்.

ஆகவே, இயக்குநர் கேட்டபடியே இந்த அஞ்சலியில் லூர்துமேரியின் பங்கைச் சேர்த்துவிட்டேன். படங்களையும், என் கையெழுத்தைத் திரும்பப் பெறும் கடிதத்தையும் கட்டுரையை வெளியிட்ட ஆய்விதழுக்கு இன்று காலை அனுப்பினேன். இதைத் துணிவு என்று எவரும் சொல்ல வேண்டாம். கட்டுரைக்குப் பின் அவர் உயிரோடிருந்த மூன்றாண்டும் அஞ்சலகம் திறந்தே இருந்தது.

சவப்பெட்டியை மூடுமுன், ஜெபமாலை சுற்றிய விரல்களைப் பார்த்தேன். குத்திக் குத்திச் சர்க்கரை பார்த்த நுனிகளில் கரும்புள்ளிகள். அத்தனை முறையும் வந்த அளவையே எழுதிவைத்த கை அது. உங்களுக்கு விடைகொடுக்கும் தகுதி எனக்கில்லை. ஆயினும், போய்வாருங்கள் மேடம்.